ஆமாம் என்னும் மூட்டு

பதினோராம் மாதம். அதே அறை, அதே படிவம்.
டாக்டர் பெய்சேவ் பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்கிறார்:
சட்டைப் பொத்தான் போட முடிகிறதா?
மேலிருந்து மூன்று. நான்காவதை க்ரூம் போடுகிறான்.
சாவி?
தடித்த சாவி என்றால் முடியும்.
படி ஏறுகிறீர்களா?
எங்கள் வீட்டுக்கு இருப்பதே நான்கு படி, டாக்டர்.

எழுதிக்கொள்கிறார்.
படிவத்தில் ரயிலுக்குக் கட்டம் இல்லை.

இருபத்தாறு வருடம் நான் கேட் காத்தவள்.
கார்லொவோ பாதையில், சூரியகாந்தி வயல்களுக்கு நடுவே
மணி அடித்ததும் வெளியே வந்து
இடது பார்த்து, வலது பார்த்து,
மறுபடி இடது பார்த்துச்
சக்கரத்தைச் சுற்றுவேன்.
முதலில் விரல்கள் போயின.
காலையில் அவை என்னுடையவை ஆக எட்டரை மணியாகும்;
முதல் வண்டி ஐந்து நாற்பதுக்கு.
மணிக்கட்டால் சுற்றினேன், பிறகு முழங்கையால்.
முடக்குவாதம் என்னை
அவசரமில்லாத வாசகனைப் போல
விரலிலிருந்து மேலாகப் படித்துக்கொண்டு வந்தது.
கழுத்தில் ஒரு வரியை அடிக்கோடிட்டது:
ஷூ கயிற்றுக்குக் குனிந்தேன்,
பிடரியிலிருந்து குதிகால் வரை மின்சாரம்.

படத்தை விளக்கில் பிடித்து டாக்டர் சொன்னார்:
முதல் எலும்பு ஒரு வளையம். இரண்டாவதில் ஒரு முளை.
கட்டியிருந்த நாரை நோய் தின்றுவிட்டது.
வளையம் நழுவுகிறது, நடுவில் தண்டுவடம்.
இரண்டையும் திருகாணி போட்டு ஒன்றாக்கலாம்.
கை மரத்தது இதற்குமேல் முற்றாது என்று நம்பலாம்.
போனது திரும்புமா, சொல்ல முடியாது.
ஸ்டீராய்டு உங்கள் எலும்பைப் பாலில் ஊறிய ரஸ்க் ஆக்கியிருக்கிறது.
புண் ஆற நாளாகும். பின்னால் ஒருநாள் கீழே இன்னொன்று நழுவலாம்.
பிறகு தொண்டையைச் செருமினார்:
"வெளிநாட்டில் எங்களுக்கு அதை 'இல்லை'யின் மூட்டு என்று சொல்லிக்கொடுத்தார்கள்.
தலையை இடவலமாக ஆட்டுவது பெரும்பாலும் அதில்தான்.
அதை இழப்பீர்கள்."

நான் சிரித்த சிரிப்பில் கழுத்துப்பட்டை குலுங்கியது.
சொல்லிக்கொடுத்தவர் பல்கேரியாவில் ஒரு காப்பிகூடக் குடித்ததில்லை.
இங்கே இடவலம் ஆட்டினால் ஆமாம்.
மேலும் கீழும் என்றால்தான் இல்லை.
டாக்டர், நீங்கள் எடுக்கப்போவது என் ஆமாமை.
அவர் கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தார்.
"ஜெர்மனியில் படித்துவிட்டேன்" என்றார், மன்னிப்புக் கேட்பதுபோல.

வார்டில் எங்கள் வரிசை தனி.
வட்டு விலகியவர்கள் ஐந்தாம் நாள் பூங்கொத்தோடு போனார்கள்.
முடக்குவாதக்காரிகள் தங்கினோம்.
ஸ்வெத்தானா மிஹோவாவுக்குப் புண் சீழ் வைத்தது.
திறந்தார்கள், கழுவினார்கள், மறுபடி திறந்தார்கள்.
அவள் மேசையில் நான் வைத்த செர்ரிகள்
மூன்று நாள் அப்படியே இருந்தன.
நான்காம் நாள் மேசையைத் துடைத்துவிட்டார்கள்.
படிவத்தில் அவளுக்கும் ஒரு கட்டம் இருக்கும்.
எது என்று நான் கேட்கவில்லை.

கேட்டில் இப்போது வேறொருத்தி. நல்ல கழுத்து.
வீட்டில் க்ரூம் கேட்பான்: குடமிளகாய் சுடட்டுமா?
முன்பு தலை போதும். இப்போது வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது.
முப்பத்தொரு வருடத்தில் இத்தனை ஆமாம்
என் குரலில் அவன் கேட்டதில்லை.
சில நாள் வேண்டுமென்றே இரண்டு தடவை கேட்கிறான்.
இல்லை மட்டும் பழையபடி
சத்தமில்லாமல் வந்துவிடுகிறது,
ஒரு நூல் அளவு தாடை இறங்கினால் போதும்.
அதுதான் கொஞ்சம் பயம்.

டாக்டர் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டார்.
முன்பே தெரிந்திருந்தாலும்
செய்துகொண்டிருப்பீர்களா?

நாற்காலிக் கையைப் பிடித்து எழுகிறேன்.
ஷூ, பாவாடை, கைப்பை, தோள் எல்லாமாக
இடது திரும்புகிறேன், வலது திரும்புகிறேன்,
மறுபடி இடது.

பேனா காகிதத்துக்கு மேலே நிற்கிறது.
நான் பதில் சொல்கிறேனா, கதவைத் தேடுகிறேனா என்று
அவருக்குப் புரியவில்லை.
ஜெர்மனியில் படித்தவர்.