விறகுக்கட்டு

ஈஸ்வரமூலிக் கொடியைக் கண்டால்
வெட்டிவிடாதீர்கள் என்றார்
கேமராக்காரர் குணதிலக்க.
அதில்தான் முட்டையிடுவாளாம் மஞ்சள் இறக்கைக்காரி.
புசல்லாவை ஓடைக்கரையில்
மூன்று நாள் அட்டைக்கடியில் படுத்துக் கிடந்தார்.
நாலாம் நாள் வந்தாள்.
கறுப்புக் குடைத்துணியைக் கிழித்து
மஞ்சள் உள்துணி வைத்துத் தைத்ததுபோல்
ஒரு சாண் அகலம்.
சவுக்குமர உச்சியில் ஒரே சுற்று.
பிரட்டுக்களம், ஸ்டோர்க் கூரை,
நிறுவைக்கு நின்ற நாங்கள் முப்பத்தோரு பேர்
எல்லாம் பார்த்தாயிற்று அவளுக்கு.
நாகேசு கணக்கப்பிள்ளை அன்றைக்கு
கழிவு இரண்டு கிலோ வெட்ட மறந்துபோனார்.
அவ்வளவு அழகு.

விறகுக்கட்டுப் புழுவுக்காக
யாரும் படுத்துக் கிடப்பதில்லை.
அதைப் பிடுங்கத்தான் எங்களுக்குச் சம்பளம்.
பதினேழாம் நம்பர் மலையில்
மீன் டின் நிறைந்தால் ஒரு கணக்கு.
தேயிலைக் குச்சியை ஒரே நீளமாய் நறுக்கி
நெட்டுக்கு நெட்டாய் அடுக்கி
உள்ளே பட்டுப் பூசி
தலையை மட்டும் நீட்டித் தின்னும்.
தொட்டால் வாசலை இழுத்து மூடும்.
கவ்வாத்துக்காரன் சவரிமுத்துவுக்கே
அப்படி அளவு வராது.
போன பிறவியில் விறகு திருடியதாம்,
பக்கத்து நிரையிலிருந்து செபமாலை சொல்வாள்.
அப்படிப் பார்த்தால்
எங்கள் லயமே அடுத்த பிறவியில்
இந்தச் செடிகளில்தான் தொங்கும்.

ஒன்றை டின்னில் போடாமல்
மடியில் கட்டிக் கொண்டுவந்தேன்.
காம்பராச் சன்னல் கம்பியில் பிடித்துக்கொண்டது.
ஒரு மாதம். அசைவில்லை.
கரண்ட் போன ஒரு ராத்திரி
புகை குடித்த காகிதம்போல் ஒரு விட்டில்
குப்பிலாம்புப் பக்கம் திரும்பாமல்
நேரே வந்து
கூட்டின் அடிவாசலில் ஒட்டிக்கொண்டது.

உள்ளே இருப்பவளுக்கு
இறக்கை இல்லை, காலும் இல்லை,
வெளியே வரவே மாட்டாள்
என்றார் குணதிலக்க, அடுத்த தடவை வந்தபோது.
பாவம் என்றார்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
மஞ்சள்காரி ஒரு கொடிக்காக
எத்தனை மலை அலைகிறாளோ.
இவள் கதவு திறக்காமலே
வாசனையை மட்டும் இருட்டில் அனுப்பி
ஆளை வரவழைத்துவிட்டாள்.
அதற்காக இவள் சௌக்கியம் என்றும்
சொல்லமாட்டேன்.
பிறகு ஒருநாள் கூட்டின் கீழே
உலர்ந்த திராட்சைபோல் ஏதோ கிடந்தது.
பெருக்கித் தள்ளியபின்தான் யோசித்தேன்.

மாசிக் காற்றில்
அதே அடிவாசலிலிருந்து நூல் நூலாய்
மிளகுத்தூள் அளவில் பிள்ளைகள்.
சன்னலைத் திறந்தேன்.
காற்று ஏற்றிக்கொண்டு போயிற்று,
பதினேழாம் நம்பர் பக்கம்.

வைகாசியில் அந்த மலைக்கு
டின்னோடு என்னைத்தான் அனுப்புவார்கள்.