நாற்பத்து நான்குக்கு நேரே

சுங்கை சுமுன் கிளினிக்கில்
நலமானவர்கள் கிடைக்கவில்லை.
இனிப்பு நீர் உள்ளவர்கள் நாற்பது பேர்
முதல் வாரத்திலேயே சேர்ந்துவிட்டார்கள்.
இல்லாதவர்களைத் தேடி
ஈப்போவிலிருந்து வந்த டாக்டர் லியோங்
கோயில் அன்னதானத்தில் நின்றார்,
பாசார் மாலாமில் விசாரித்தார்,
கடைசியில் எங்கள் மில்லுக்கே வந்தார்.

எனக்கு மில் ஆய்வுக்கூடத்தில் வேலை.
செம்பனை எண்ணெயில் எவ்வளவு புளிப்பு ஏறியிருக்கிறதென்று
சொட்டுச் சொட்டாகக் காரம் விட்டு
இளஞ்சிவப்பு வரும்வரை குடுவையை ஆட்டுகிறவள்.
வெட்டிய குலை எத்தனை நேரம் வெயிலில் கிடந்தது,
எண்ணெய் சொல்லிவிடும்,
டிரைவர் பொய் சொன்னாலும்.

கையை நீட்டினேன்.
தவமலர். நாற்பத்து நான்கு. சர்க்கரை இல்லை.
ஊதா மூடிக் குழாய் இரண்டு நிறைந்தது.
உதவியாளர் பெண் விடுப்பில் போயிருந்தாள்;
நலமானவர்கள் பட்டியல் முழுக்க என் கையெழுத்து.

உயிரணுவுக்குள் இழைகள் உண்டாம்,
இழைக்கு நுனி உண்டாம்,
அணு பிரியும்போதெல்லாம் நுனி கொஞ்சம் தேயுமாம்.
டாக்டர் சுண்டுவிரல் நகத்தைக் காட்டிச் சொன்னார்.
எனக்கு ரப்பர் மரம் நினைவுக்கு வந்தது.
ஒரு நாள் வெட்டுக்கு ஒரு சீவல் பட்டை.
அவசரக் கை ஆழமாகப் போகும்.
அன்றைய பாலில் வித்தியாசம் தெரியாது.
நட்ட வருஷம் பலகையில் இருக்கும்,
மரம் இன்னும் எத்தனை நாள் என்பது
மிச்சப் பட்டையில்.

குணசீலன் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டே சிரித்தார்:
“சீனியில ஊறின ஜாதிக்காய் கெட்டா போகுது?
ஒனக்கு முன்னாடி நான் போக மாட்டேன்.”

ஒன்பது மாதம் கழித்து பாலாய் ராயாவில்
வெள்ளைத் திரை, இரண்டு மின்விசிறி, ஒரு தட்டு குவே.
நலமானவர் வெள்ளைப் புள்ளி, மற்றவர் கறுப்பு.
பெயர் இல்லை, எண் இல்லை,
யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது என்றார் டாக்டர்.
கீழே வயது. பக்கவாட்டில் நுனியின் நீளம்.
கறுப்பு சராசரியில் சற்றுத் தாழ்வு.
“சராசரி” என்பதை மூன்று முறை சொன்னார்.

கோடும் புள்ளியும் பார்த்தே பழகிய கண்.
நாற்பத்து நான்கில் விரல் வைத்ததுபோல் வைத்து
நேரே மேலே போனேன்.
வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை.
ஒரே ஒரு வெள்ளை,
கறுப்புகளுக்கு நடுவில்,
அறுபதைத் தாண்டியவர்களின் உயரத்தில்.

ஐம்பத்தொன்றில் மூன்று கறுப்பு. ஒன்று உச்சியில்.
“அந்த மேல இருக்கிறது நான்தான்” என்றபடி
குவே லாப்பிஸ் பக்கம் போன அவர் கையைத்
தட்டிவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் கேட்டேன்,
ஒரு ஆளுக்கு இது என்ன சொல்லும்?
“ஒரு ஆளுக்கா? இப்போதைக்கு ஒன்றும் சொல்லாது.
யாருக்காகக் கேட்கிறீர்கள்?”
சும்மாதான் என்றேன்.

அன்றைக்கு இரவு ஷிஃப்ட்.
இருபத்தோரு வருஷமாக மாதத்தில் பாதி இரவு ஷிஃப்ட்.
பாய்லர் இரைச்சலில் குடுவையை ஆட்டினேன்.
இளஞ்சிவப்பைத் தாண்டி ஒரு சொட்டு கூட விழுந்து
நிறம் அடர்ந்துபோனது.
எழுதவில்லை. கொட்டிக் கழுவி
தொட்டியிலிருந்து இன்னொரு மாதிரி எடுத்துவந்தேன்.
எண்ணெயில் அது முடிகிறது.

பதினொன்றரைக்கு எடைமேடையில் லாரி ஏறியது.
“இன்னைக்குக் காலையில வெட்டினது அக்கா,”
டிரைவர் தலையை வெளியே நீட்டினான்.
பார்ப்போம் என்றேன்.