நான்காவது

மேட்டூர்த் தண்ணீர் வரும் நாளில்தான்
கம்பளம் நனைப்பேன்.
போர்த் தண்ணீரின் உப்பு
இழைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

இது ஏற்காட்டு பங்களாவிலிருந்து வந்தது.
கவிழ்த்துத் தட்டினேன்:
காப்பித்தூள், நாய்முடி,
மாத்திரை அட்டையின் வெள்ளித் துணுக்கு ஒன்று.
ஈர வெள்ளைத்துணியால் ஒற்றிச்
சிவப்பைக் கேட்டேன், ஓடுவாயா என்று.
ஓடவில்லை.

நடுவில் நான்கு பள்ளம்.
கட்டில் கால்கள்.
தலைமாட்டுப் பக்கம்
இரண்டும் கூடுதல் ஆழம்.

ஜெசிந்தா அம்மா போனில்:
"கறை போகலைன்னா பரவாயில்லை.
அந்தப் பள்ளம் போயிடுமா?"
போகணுமா கூடாதா,
குரலில் பிடிபடவில்லை.
"நனைஞ்சா கம்பளி எழுந்துக்கும்மா" என்றேன்.
அந்தப் பக்கம் மழைச் சத்தம்.
இங்கே அஸ்தம்பட்டியில்
துவைக்கும் கல் கொதிக்கிறது.
"சரி" என்றார், வெகுநேரம் கழித்து.

பூந்திக்கொட்டை நுரை.
ரோமம் சாய்ந்த பக்கமே பிரஷ்.
ஏழாம் அலசலில் தண்ணீர் தெளிந்தது;
காயப்போடும்போது
மூன்று எழுந்துவிட்டிருந்தன.

நான்காவதும்
மெல்ல அசைந்தது மாதிரி இருந்தது.
அதன்மேல்
நிறைவாளியைத் தூக்கி வைத்துவிட்டுச்
சாப்பிடப் போனேன்.