மூன்றாவது கருவி

வண்ணார்பேட்டையில் கரன்ட் வந்தபோது மணி இரண்டு.
பட்டியலை மறுபடி திறந்தேன்.

முதலாவது வட்டை முழுசாக அச்செடுக்கும்,
குப்பைத்தொட்டி உட்பட.
நாலு மணி நேரம் பிடிக்கும்.

இரண்டாவது கண்ணாடி.
இங்கே இல்லாதது
அங்கேயும் இருக்காது.
"அதையே போடும்வே, இலவசம்"
என்றான் கடைக்காரன் பொன்சிங்.

அவனிடம் சொல்லவில்லை:
ஆடி மாதச் சண்டையில்
ஜெபக்கனியின் ஒன்பது வருட வினாத்தாள்களை
நான் அழித்த ராத்திரி
ஓடிக்கொண்டிருந்தது அந்தக் கண்ணாடிதான்.
விடியுமுன் அதுவும் அழித்துவிட்டு
பிழை ஏதுமில்லை என்றது,
பச்சை எழுத்தில்.

ஆற்று வெள்ளத்துக்கு வழி செய்தாயிற்று.
ஒரு வட்டு பரணில்,
இன்னொன்று சங்கரன்கோவிலில் மைனி வீட்டு பீரோவில்;
பஸ்சில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுபோனேன்.
என் கைக்கு?

மூன்றாவது, மாறியதை மட்டும் எடுக்கும்.
அழித்ததை உடனே நம்பாது.
எத்தனை நாள் வைத்திருக்க என்று
பெட்டி கேட்டு நிற்கிறது.

முப்பது என்று அடித்தேன்.
அவள் மேலப்பாளையத்துப் பள்ளி விடுதியிலிருந்து
திரும்பி வர எடுத்தது நூற்றுப் பதினொரு நாள்.

அழித்துவிட்டு
நூற்றிருபது என்று அடிக்கும்போது
உள்ளிருந்து கேட்கிறாள்,
"இன்னும் படுக்கலியா?"