வயிற்றுவலி

வக்கீல் ராஜையனின் குமாஸ்தா
அண்டியாபீஸ் கேட்டுக்கே வந்துவிட்டான்.
"ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா,
ஆட்சேபணை இல்லைன்னு."
மத்தியானச் சங்கு ஊத இன்னும் ஏழு நிமிஷம்.
விரலெல்லாம் அண்டிக்கறை.
காகிதத்தை அவனையே பிடிக்கச் சொல்லி வாசித்தேன்.

மனுதாரர் யேசுவடியான், வயது ஐம்பத்தாறு,
கடையாலுமூடு, ரப்பரும் மரச்சீனியும்.
காட்டுப்பன்றி இறங்கி மூடோடு கிளறிப் போடுகிறது.
பயிர் காக்கத் துப்பாக்கி உரிமம் கேட்டால்
பழைய பாதுகாப்பு உத்தரவு குறுக்கே கிடக்கிறது.
சூழ்நிலை மாறிவிட்டபடியால்
அதை நீக்கித் தர வேண்டும்.
இந்த முறை எதிர்மனுதாரர் நான்.

சூழ்நிலை.
யாரும் செய்யாமல் தானே வந்து
தானே வெறித்துவிடும்
மழையைப் போலச் சொல்லியிருந்தார்கள்.

பன்றி பொய்யில்லை.
ஒரே ராத்திரியில் அம்பது மூடு போச்சு என்று
அந்தப் பக்கமிருந்து வரும்
பால்வெட்டுக்காரன் சொன்னான்.
எனக்கும் மனசு கேட்கவில்லை,
மரச்சீனிக்காக.

காகிதத்தில் துப்பாக்கி.
வீட்டில் அது தோக்கு.
அவர் அதை என்மேல் நீட்டியதே இல்லை.
அன்றைக்கும் ராஜையன் அதைத்தான் கேட்டார்:
"குறி பார்த்தாரா? ஆமா, இல்லை, அது மட்டும் சொல்லுங்க."
இல்லை.
சோறு தின்கிற மேசையில் கழற்றிப் போட்டு
எண்ணெய் தொட்டுத் துடைப்பார்.
மீன்குழம்பில் உப்பு கூடிய இரவுகளில்
கூடுதல் நேரம் துடைப்பார்.
பிள்ளை அழுதால்
துடைப்பதை நிறுத்துவார்.
அந்த நிறுத்தத்தை எப்படி அடிப்பது என்று
டைப்பிஸ்ட்டுக்குத் தெரியவில்லை.
எனக்கும் சொல்லித்தரத் தெரியவில்லை.

உத்தரவை லாமினேட் செய்து வைத்திருக்கிறேன்,
ரேஷன் கார்டுக்கு அடியில்.
கையெழுத்துக்குப் பக்கத்தில்
ஓர் எறும்பு மாட்டிக்கொண்டது,
பன்னிரண்டு வருஷமாக ஆறு காலும் குலையாமல்.
மூன்று வாடகை வீடு மாறினேன்.
மூன்று தடவையும் அரிசிப்பானைக்கு முன்னால்
அதுதான் உள்ளே போனது.

பெனிலா கோயம்புத்தூரிலிருந்து பேசினாள்.
"போட்டுக் குடுத்துரும்மா. இன்னும் எத்தன வருசம்?"
அழுத பிள்ளை இவள்தான்.
அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை.
அண்டியாபீஸில் நான் சம்பாதித்ததில்
மிச்சம் நின்றது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை, தக்கலை.
கோர்ட்டு வராந்தாவில் மெலிந்துபோய் நின்றார்.
சாயா டம்ளர் கையில் நடுங்கியது.
இந்தக் கையை வைத்துப் பன்றியையா என்று
சிரிப்பு வரப் பார்த்தது.
டம்ளரைத் திண்டில் வைத்தார்.
கைக்குட்டை எடுத்து
ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.
என் முதுகுக்கு முதலில் தெரிந்தது,
பிறகுதான் எனக்கு.

மாஜிஸ்திரேட் சின்னப் பெண்.
நான் முதலில் இந்தப் படி ஏறியபோது
பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பாள்.
"இப்போ பயம் இருக்காம்மா?"
இல்லை என்று சொல்லத்தான் வந்தேன்.
பஸ்ஸில் மூன்று தடவை சொல்லியும் பார்த்தேன்.

அந்தக் கேஸில் பத்தொன்பது வாய்தா.
அத்தனையும் அவர் வாங்கியது.
வக்கீல் ஊரில் இல்லை, ரப்பர் சீசன்,
பெரியப்பா சாவு,
அதே பெரியப்பா இன்னொரு தடவை சாவு.
முதல் வாய்தாவுக்கு வயிற்றுவலி.
பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு
பத்தொன்பது தடவையும் திரும்பிப் போனேன்.
நான் ஒன்றுகூடக் கேட்டதில்லை.

"ஒரு வாய்தா வேணும் மேடம்."
ராஜையன் திரும்பிப் பார்த்தார்.
இப்போது அவருக்கும் தலை நரைத்துவிட்டது.
"என்ன காரணம்?"
"வயிற்றுவலி."

யேசுவடியான் தலை நிமிரவில்லை.
ஆனால் கைக்குட்டை நின்றது.

பெஞ்ச் கிளார்க் காலண்டரைப் புரட்டித் தேதி போட்டார்.
அதற்குள் மரச்சீனி
பிடுங்கி முடிந்திருக்கும்,
இல்லையென்றால் பன்றி முடித்திருக்கும்.

மார்த்தாண்டம் பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது.
குழித்துறைப் பாலம் வந்தபோது
நிஜமாகவே வலிக்கத் தொடங்கியது.