எழுபத்து மூன்று பாகை

டிசம்பரில் ஊலு நகரத்துப் பகல்
மூன்றரை மணி நேரம்.
அதிலும் பாதியை மேகம் பிடித்துக்கொள்ளும்.
கணினி ஆய்வகத்தில் மட்டும் வெயிலுக்குப் பஞ்சமில்லை.
திரையின் அடியில் ஒரு சிறு குமிழ்;
இழுத்தால் ஜூன், விட்டால் நள்ளிரவு.
ஈரிக் ஒரு கையில் ரொட்டியோடு
மறு கையால் ஒரு வருடத்தைக் கடந்துவிடுவான்.

தொப்பிலா துறைமுகத்தில் ஒரு பழைய உப்புக் கிடங்கு.
அதை மழலையர் பள்ளியாக்க வேண்டும்.
இதுதான் இந்தப் பருவத்துப் பாடம்.
ஆறு வாரம் மூவரும் அதற்குள்தான் குடியிருந்தோம்,
ஒருநாளும் அங்கே போகாமல்.
தெற்குச் சுவர் நெடுகக் கண்ணாடி வைத்தோம்.
மென்பொருள் அதற்குச் சிவப்புப் பூசியது: ஒளி நிறைய.
மேற்கு முனை நீலம். குளிர்நீலம்.
துடைப்பம், வாளி, உடைந்த நாற்காலிகள்
அங்கே போகட்டும் என்றேன்.

தைமிக்குத்தான் திடீரென்று தோன்றியது,
நேரில் பார்க்கலாமென்று.
பனிச்சறுக்குக் காலணியும்
சூடான பெர்ரிச் சாறுமாய்
பேருந்து ஏறிப் போனாள்.
பன்னிரண்டு இருபதுக்கு என் தொலைபேசி அதிர்ந்தது.

"வெயில் வந்திருக்கு" என்றாள்.
நல்லது என்றேன்.
"நம்ம சுவர்ல இல்லை."

மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்டது.
அங்கே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு.
இங்கே எனக்கு வியர்த்தது.

ஏனென்றால் எனக்குத் தெரியும்.
முதல் வாரம் அளவை வரைபடம் வந்தபோது
கிடங்கு அதில் கோணலாய்க் கிடந்தது.
கோணலில் சுவர் இழுப்பது எரிச்சல்.
பிடித்துச் சுழற்றி
திரைக்கு நேராகப் படுக்கவைத்தேன்,
எழுபத்து மூன்று பாகை,
பிறகு திருப்பிக்கொள்ளலாம் என்று.
அந்தப் 'பிறகு' இன்றுவரை வந்திருக்கவில்லை.

சொல்லியிருக்கலாம்.
"மென்பொருளில் ஏதோ கோளாறு" என்று
ஈரிக் எழுந்து வந்தபோது
நானும் ஒரு நிமிடம்
அவனோடு சேர்ந்து மென்பொருளைத் திட்டினேன்.
ஒரு நிமிடம்தான்.
பிறகு திரையில்
வடக்கு முள்ளைத் தொட்டுக் காட்டினேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை.
ரொட்டியைக் கீழே வைத்தான்.

திருப்பினோம்.
கட்டடம் அசையவில்லை;
அதைச் சுற்றி உலகம்தான் நகர்ந்தது.
கணினி விசிறி ஊளையிட,
நாற்பது நிமிடம் கழித்து
வண்ணங்கள் கட்டம் கட்டமாய் வந்தன.
எங்கள் கண்ணாடிச் சுவர் நீலம்.
தலை முதல் கால் வரை நீலம்.
சிவப்பு ஒரே இடத்தில்,
கடைக்கோடியில்,
துடைப்ப அறையில்.

அதற்குள் தைமி அனுப்பிய படம் வந்திருந்தது:
கிடங்கின் குறுகிய முனைச்சுவர்,
வாதுமை நிறத்தில் ஒரு பட்டை வெளிச்சம்,
அதில் மரம் போல் நீண்ட அவள் நிழல்.
கீழே ஒரு வரி:
'யாராவது சீக்கிரம் வாங்க, இன்னும் பத்து நிமிஷம்தான்.'

போகவில்லை. எட்டு கிலோமீட்டர்.
போக முடியாத தூரமில்லை என்று
இப்போது தோன்றுகிறது.

மதிப்பீட்டு நாளில்
இரண்டு படங்களையும் அருகருகே மாட்டினோம்,
தப்பும் திருத்தமும்.
தப்பின் கீழே என் பெயர் மட்டும்; நானே எழுதினேன்.
ஈரிக் அதைப் பார்த்தான்,
பேனா கேட்டு
தன் பெயரையும் சேர்த்தான்.
தைமி சேர்க்கவில்லை. அதுவும் நியாயம்தான்.

நடுவர்களில் ஒருவர்
வெகுநேரம் நின்று பார்த்துவிட்டுக் கேட்டார்:
முப்பது குழந்தைகளின் ஈரக் காலணிகளை
எங்கே காயவைப்பீர்கள்?

அதை மூவருமே யோசிக்கவில்லை.

புதிய வரைபடத்தில்
முனைச்சுவரில் தாழ்வாக ஒரு ஜன்னல்,
நாலு வயதுக் கண்ணின் உயரத்தில்.
அதன் கீழ் ஒரு நீள மரப்பலகை.
டிசம்பர் இருபத்தொன்று, நண்பகல்:
குமிழை அங்கே நிறுத்தினால்
அறுபது காலணிகள் மேல்
வெயில் படுகிறது.
துடைப்பங்கள் கிழக்குப் பக்கம் போய்விட்டன.