சுதி விலகியது உண்மைதான்

சுதி விலகியது உண்மைதான், வயிரவன் சார்.
இரண்டாம் சரணத்தில், மேலே ஏறுகிற இடத்தில்,
ஒரு நூல்.
நானும் கேட்டேன்.
இருபத்தாறு வருஷமாய் மைக்செட் போடுகிறவன்,
காது ஒன்றுதான் எனக்குச் சொத்து.

விடிந்தால் முகூர்த்தம்.
கண்டனூர் மண்டபத்தில் ஏணி மேல் நின்று
வயர் இழுத்துக்கொண்டிருக்கிறேன்.
கீழே சின்ன வெங்காயம் மலையாய்க் குவிந்திருக்க
உரிக்கிறவர்கள் நடுவே நாற்காலி போட்டு நீங்கள்,
உங்கள் கைபேசியில்
பஞ்சர் கடை செகப்பாயி.

பல்லவி முடிவதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.
"பாவப்பட்ட மூஞ்சி, அதான் செலக்‌ஷன்."
"டயரக் காட்டுறான், கரியக் காட்டுறான்,
பாட்ட எங்கய்யா காட்டுறான்?"
"அரியக்குடி பக்கத்துல பொறந்துட்டு
இப்படியா பாடுறது?"
இதைச் சொன்ன சாத்தப்பன் அண்ணனுக்கும்
அரியக்குடிக்கும் உள்ள உறவு
போன வருஷம் வாங்கிய ஒரு பிளாட்.

டயரைக் காட்டினார்கள், ஒத்துக்கொள்கிறேன்.
மூன்று தடவை.
பின்னால் புல்லாங்குழல் வேறு.
புருஷன் போன கதையை
அவள் பேசாத இடத்தில் வெட்டி ஒட்டினார்கள்.
பந்தலில் ஈ மொய்த்தால்
பரிமாறுகிறவளையா அடிப்பீர்கள்?

கரியைத் துடைத்துவிட்டுத்தான் போனாள்.
மண்ணெண்ணெயில் ஒரு தடவை, சோப்பில் இரண்டு தடவை.
மேடைக்குப் பின்னால்
கொஞ்சம் பூசிக்கொள்ளச் சொன்னார்களாம்.
மாட்டேன் என்றாளாம்.
நகக்கண்ணில் மிஞ்சியதைத்தான்
கேமரா அத்தனை கிட்டப் போய்ப் பிடித்தது.

அவள் அழவில்லை, கவனித்தீர்களா?
நடுவர் அழுதார். தொகுப்பாளர் அழுதார்.
முன்வரிசையில் சம்பளத்துக்கு உட்கார்ந்தவர்கள் அழுதார்கள்.
அவள்
மைக் ஸ்டாண்டில் திருகு ஒன்று ஆடுவதைப் பார்த்து
அதை இறுக்கிவிட்டு
நின்றாள்.

ஓ.சிறுவயல் ரோட்டில் அவள் கடைக்குப் போயிருக்கிறீர்களா?
மற்றவர்கள் ட்யூபைத் தொட்டியில் முக்கிக் குமிழி தேடுவார்கள்.
அவள் காதோரம் வைத்து உருட்டுவாள்.
லாரிகள் உறுமுகிற சாலையில்
முள் குத்திய ஓட்டையின் மூச்சு
அவளுக்குக் கேட்கும்.
அந்தக் காதுக்கா
ஒரு நூல் விலகியது தெரியாது?
அந்த இடத்தில் அவள் இடது கண் சுருங்கியது.
ஓட்டிப் பாருங்கள்.
அடுத்த சுற்றில் அதே இடத்துக்குத் திரும்பி வந்தாள்,
நிதானமாக ஒட்டினாள்,
போனாள்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் யோக்கியனா?

ஏழு வருஷம் முன்பு, மாசித் திருவிழா.
திருமயத்தில் வண்டி நின்றுபோய்
கச்சேரிக்காரர்கள் வந்து சேரவில்லை.
சேலைக்கு மேலே ஆண்சட்டையோடு வந்து நின்றாள்.
"அவுக வர்ற வரைக்கும் ஒரு பாட்டுண்ணே."
கொடுத்தேன்.
முதல் வரியில் பையன்கள் விசிலடித்துச் சிரித்தார்கள்.
யாரும் சொல்லவில்லை, என் விரல்தான்
குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைத்தது.
செத்த மைக்கைப் பிடித்தபடி
சரணம் வரைக்கும் பாடினாள்.
இறங்கும்போது கேட்டாள்,
"ஒயர்ல எங்கயும் கசியுதாண்ணே?"
ஆமாம் என்றேன்.

மறுவாரம் என் வண்டிக்கு அவள்தான் ஒட்டுப் போட்டாள்.
வழக்கமான காசுதான் வாங்கினாள்.
அந்தச் சக்கரம் இன்றுவரை இறங்கவில்லை,
அதில்தான் வந்தேன்.

ஓட்டுப் போடச் சொல்லவில்லை.
அவள் ஜெயிப்பாள் என்றும் சொல்லவில்லை,
அடுத்த வாரமே அனுப்பிவிடலாம்,
அவர்கள் கணக்கு அவர்களுக்கு.
அந்தக் கைபேசியை இப்படிக் கொடுங்கள்.
இத்துனூண்டு ஸ்பீக்கரில்
அடிக்குரல் எப்படிக் கேட்கும்?
ஆம்ப்ளிஃபயரில் சொருகுகிறேன்,
மண்டபம் காலியாகத்தான் கிடக்கிறது.

முழுசாய்க் கேளுங்கள். பிறகு திட்டுங்கள்.
வெங்காயத்துக்குப் பக்கத்தில்தானே உட்கார்ந்திருக்கிறீர்கள்,
கண்ணில் ஏதாவது வந்தாலும்
நாங்கள் ஒன்றும் கேட்க மாட்டோம்.